ஒரே எஃப்சிபி கார்டு, பல லினக்ஸ் சேர்வர்கள்: என்பிஐவியோடு என் அனுபவம்

கொழும்பில் டொலர் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்த 2022இல், மெயின்பிரேமுக்கு, அதை ஸ்டோரேஜோடு இணைக்கும் புதிய எஃப்சிபி கார்டு வேண்டும் என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரே மெஷினில் பல சேர்வர்களை ஓடவிடும் ஸெட்/விஎம்மின் கீழ் லினக்ஸ் சேர்வர்கள் மட்டும் கூடிக்கொண்டே இருந்தன. இருந்த கார்டுகளைப் பங்கிட்டே சமாளித்தோம். இன்றும் அப்படித்தான் ஓடுகிறது.

பங்கிடுவது பழைய விஷயம்தான். என்பிஐவி (ஒரே கார்டுக்குப் பல அடையாளங்களைத் தரும் வசதி) இல்லாமலும் ஒரு கார்டைப் பல சேர்வர்கள் பயன்படுத்தலாம். ஆனால் அப்போது எல்லோரும் அந்தக் கார்டின் ஒரே டபிள்யூடபிள்யூபிஎன்னோடுதான் (ஸ்டோரேஜ் வலையமைப்பில் ஒரு போர்ட்டின் அடையாள எண்) வெளியே போவார்கள். எது கணக்கியல் சேர்வர், எது டெஸ்ட் சேர்வர் என்று ஸ்டோரேஜுக்குத் தெரியாது. எந்த லன்னை (ஸ்டோரேஜில் ஒதுக்கிய டிஸ்க் பகுதி) எந்தச் சேர்வர் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் லன் மாஸ்கிங் செய்து பயனில்லை. 2005இல் வந்த ஸெட்9 மெஷினோடு ஐபிஎம் என்பிஐவியைக் கொண்டுவந்த பிறகு, ஒவ்வொரு சேர்வரும் தன் சொந்த டபிள்யூடபிள்யூபிஎன்னோடு ஸ்டோரேஜ் வலையமைப்பின் சுவிட்சில் லொகின் செய்கிறது.

அன்றாட வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது தானியங்கி லன் ஸ்கேன். என்பிஐவி இல்லாவிட்டால் ஒவ்வொரு லன்னையும் கையால் சேர்க்க வேண்டும். இப்போது ஸ்டோரேஜ் பக்கத் தம்பி லன்னை மேப் செய்தால், லினக்ஸின் ஸெட்எஃப்சிபி டிரைவர் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. “அண்ணே, இந்த லன் யாருடையது?” என்று அவர் கேட்கும் போன்களும் குறைந்துவிட்டன. அவருக்கும் ஒரு முறைப்பாடு உண்டு: ஒரு சேர்வருக்கு இரண்டு ஃபேப்ரிக் (தனித்தனி சுவிட்ச் வலையமைப்பு), ஆகவே இரண்டு டபிள்யூடபிள்யூபிஎன், ஸோனிங் (யார் யாரோடு பேசலாம் என்ற சுவிட்ச் அனுமதி) பட்டியல் அனுமார் வால்போல நீள்கிறது. நியாயம்தான்.

பிடிக்காதது என்றால், கார்டின் வேகத்தை யார் எவ்வளவு எடுக்கலாம் என்று என்பிஐவி பார்ப்பதில்லை. இரவில் பேக்கப் ஓடினால் அதே கார்டில் இருக்கும் டேட்டாபேஸ் திணறும். பேக்கப்புக்கென்று ஒரு கார்டைத் தனியே ஒதுக்கியதும்தான் அந்தத் தலைவலி தீர்ந்தது.

எண்ணிக்கையிலும் பேராசை கூடாது. கார்டின் ஒரு போர்ட்டுக்கு 32 என்பிஐவி அடையாளங்கள் வரை என்பது பழைய பரிந்துரை. ஸெட்13 தலைமுறையில் அது 64 ஆனது. நான் இன்னும் 32ஐத் தாண்டுவதில்லை. ஒரு ஜெனரேட்டர் சோதனையின்போது ஒரு ஃபேப்ரிக் சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆனது. அது எழும்பியதும் எல்லாச் சேர்வர்களும் ஒன்றாக லொகின் செய்யப் பாய்ந்தன. சிலவற்றின் பாதை திரும்பிவர நேரமெடுத்தது. ஒரு பாதை போனால் மற்றதற்கு மாற்றிவிடும் மல்டிபாத், மற்ற ஃபேப்ரிக் பக்கத்தால் தாங்கியதால் பயனர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

புதிதாக இறங்குபவர்கள் முதலில் சுவிட்சைப் பாருங்கள். ஸ்டோரேஜை நேரடியாக மெயின்பிரேமில் செருகினால் என்பிஐவி வேலை செய்யாது. அதை ஆதரிக்கும் சுவிட்ச் நடுவில் இருக்க வேண்டும். அப்புறம், மெஷினை மாற்றினால் டபிள்யூடபிள்யூபிஎன்களும் மாறக்கூடும். புதியவை எவை என்று முன்கூட்டியே கணித்துத் தர ஐபிஎம்மிடம் ஒரு டூல் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு முன்பே சான் (ஸ்டோரேஜ் வலையமைப்பு) ஆட்களின் கையில் கொடுத்துவிடுங்கள். விடுமுறையன்று அவர்களைப் பிடிப்பது கஷ்டம்.