அந்தமான் பேக்கேஜுக்கு அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஜூன் மாதம் குடும்பத்தோடு அந்தமான் போய் வந்தோம். ஏஜென்ட் தமிழில்தான் பேசினார், அழகாக ஒரு பிடிஎஃப் அனுப்பினார், முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். அந்தப் பட்டியலில் முதல் இடம் ஜாலி பாய் தீவு. பவளப்பாறை பார்க்கத்தான் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வரவே சம்மதித்தார்கள்.

வண்டூர் படகுத்துறைக்குப் போனதும்தான் தெரிந்தது, மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவில் ஜாலி பாயும் ரெட் ஸ்கின்னும் மாறி மாறித்தான் திறந்திருக்கும். மே நடுவில் தொடங்கி அக்டோபர், நவம்பர் வரை ஜாலி பாய் மூடல், பவளம் தேறுவதற்காக. மழையில் படகு நின்றால் யாரையும் குறை சொல்ல முடியாது, ஆனால் இது வருஷா வருஷம் நடப்பது, அங்கேயே தொழில் செய்கிறவருக்குத் தெரியாதா? போன் செய்தால், "ரெண்டும் ஒரே பார்க்தான் சார், டிக்கெட்டும் போட்டாச்சு" என்கிறார். வனத்துறை அனுமதிச் சீட்டில் ரெட் ஸ்கின் என்றுதான் இருந்தது, அது முதல் நாளே அவர் கையில் இருந்திருக்கிறது. எங்களிடம் காட்டியது காலையில் காரில் ஏறிய பிறகு. பூங்காவுக்குள் பிளாஸ்டிக் கூடாது என்பதைக்கூடச் சொல்லவில்லை, படகுத்துறையில் பையைப் பிரித்துக் கொட்டி ஒவ்வொரு கவராக எடுத்து வைக்க வேண்டியதாயிற்று.

அப்புறம் பட்டியலில் "ராஸ் தீவு" ஓரிடத்தில், "நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு" இன்னோரிடத்தில். இரண்டும் ஒன்றுதான், 2018-ல் பெயர் மாற்றினார்கள்! ஒரே தீவை இரண்டு நாள் கணக்கில் விற்றிருக்கிறார். அதிலும் ஒரு நாள் புதன்கிழமை, அன்று அந்தத் தீவுக்கு விடுமுறை. அதற்குப் பதிலாக நார்த் பே கூட்டிப் போனார்கள், அங்கே தண்ணீர் விளையாட்டு எல்லாவற்றுக்கும் தனிக் காசு.

செல்லுலார் சிறைதான் என்னை ரொம்பக் கோபப்படுத்தியது. "கைடு உண்டு" என்று போட்டிருந்தது. வந்தவர் சாவர்க்கர் அறையைக் காட்டினார், போட்டோ எடுக்கச் சொன்னார், கிளம்பலாம் என்றார். 1906-ல் கட்டி முடித்த சிறை, சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரி விரிந்த ஏழு பிரிவுகளில் இன்று மூன்றுதான் மிச்சம், ஒரு பிரிவின் முகப்பு அடுத்ததன் முதுகைத்தான் பார்க்கும், கைதிகள் ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாது என்று. இதில் ஒரு வார்த்தையும் அவர் வாயிலிருந்து வரவில்லை. பக்கத்துக் குழுவின் கைடு ஒரு கதவின் தாழ்ப்பாளைக் காட்டிக்கொண்டிருந்தார், சுவருக்குள் குழி வெட்டி அதற்குள் பூட்டியிருக்கிறது, உள்ளே இருப்பவர் கம்பி வழியே எவ்வளவு கையை நீட்டினாலும் எட்டாது. என் மகள் கையை நீட்டிப் பார்த்தாள். நாங்கள் அவர் பின்னாலேயே போய்விட்டோம்.

பணம் கட்டும் முன் எந்தத் தேதியில் எந்தத் தீவு என்று எழுத்தில் வாங்குங்கள். தேசியப் பூங்காவுக்குத் திங்கள் விடுமுறை, அதையும் பாருங்கள். அனுமதிச் சீட்டின் படத்தை முன்னாடியே கேளுங்கள், தர மறுத்தால் வேறு ஆளைப் பிடியுங்கள்.

பாதிப் பணமாவது திருப்பிக் கேட்டேன். அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி தருகிறாராம்.