614 நாள் விடாம ஓட்டின ஜப்பானிஸ் ஆப், ஏன் நிறுத்தினேன், யாருக்கு இது ஒத்து வரும்

இந்த ஆப்ப 614 நாள், ஒரு நாள் கூட விடாம யூஸ் பண்ணிருக்கேன், போன மாசம் அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன். பேரு போடல, ஏன்னா இதுல இருக்கற நல்லது கெட்டது ரெண்டுமே இன்னைக்கு இருக்கற நிறைய லாங்குவேஜ் ஆப்ல அப்படியே இருக்கு, நீங்க கொரியன் படிச்சாலும் ஃப்ரெஞ்ச் படிச்சாலும் இது உங்களுக்கும் பொருந்தும். நான் படிச்சது ஜப்பானிஸ். வேலைக்காகவும் இல்ல விசாவுக்காகவும் இல்ல, அந்த மொழி காதுல விழறது பிடிச்சிருந்தது, அவ்ளோதான் காரணம். அந்த காரணம் எப்படி என் கைய விட்டு போச்சுங்கறதத்தான் இங்க எழுதறேன்.

நல்லத முதல்ல சொல்லிடறேன், அத சொல்லாம விட்டா நியாயம் இல்ல. எழுத்து கத்துக்குடுக்கற பகுதி அருமை. ஜப்பானிஸ்ல ஒலிக்கு ஏத்த மாதிரி எழுதற எழுத்து ரெண்டு வகை, ஹிராகானா 46, கட்டாகானா 46, ரெண்டும் சேத்து ரெண்டே வாரத்துல வந்துடுச்சு, விரலால ஸ்கிரீன்ல எழுதும்போது கோடு எந்த பக்கம் இழுக்கணும், எத முதல்ல போடணும்னு மென்மையா காட்டும், தப்பா போட்டா கத்தாது. ஆடியோவும் நல்லா இருக்கு, ஆண் குரல் பெண் குரல் ரெண்டும், மெதுவா ஒரு தடவ சாதாரண வேகத்துல ஒரு தடவ. முதல் மூணு மாசம் நான் பாக்கறவங்க கிட்டல்லாம் இத டவுன்லோட் பண்ணுங்கன்னு சொல்லிட்டிருந்தேன்.

பிரச்சனை ஆரம்பிச்சது கார்டுல. ஒரு வார்த்தைய காட்டும், அர்த்தம் தெரிஞ்சா ரைட், தெரியலன்னா தப்பு, சரியா சொன்னா கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப வரும், மறுபடியும் சரின்னா இன்னும் நாள் தள்ளி வரும். இந்த முறை ஒண்ணும் மோசம் இல்ல, ஹெர்மன் எபிங்ஹவுஸ்னு ஒரு ஜெர்மன் ஆளு 1885ல தன்னையே சோதனை எலியா வச்சு மறதிய அளந்து எழுதினாரு, படிச்சதுல பெரும்பகுதி சீக்கிரமே போயிடும், மிச்சம் மெதுவாத்தான் போகும்னு, அதுலேந்து வளந்த முறைதான் இது. ஆனா அவரு மனப்பாடம் பண்ணினது என்னன்னு பாத்தா அர்த்தமே இல்லாத அசைகள், வேணும்னே அர்த்தம் இல்லாததா பொறுக்கி எடுத்தாரு. நம்ம கார்டுல வர்றதும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் ஆயிடுது, யாரு சொன்னா யாருகிட்ட சொன்னா எதுக்கு சொன்னான்னு ஒண்ணும் இல்லாம தனியா ஒரு வார்த்தை, அது மனசுல எதுல ஒட்டும் சொல்லுங்க.

இப்ப கணக்குக்கு வாங்க, இதத்தான் யாரும் முன்னாடியே சொல்றதில்ல. ஒரு நாளைக்கு 20 புது கார்டுன்னு ஆப்லயே செட் பண்ணி குடுத்திருந்தாங்க, ஆன்கி மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்ச கார்டு ஆப்லயும் ஆரம்ப செட்டிங் இதே 20தான். இருபதுதானேன்னு தோணும். ஆனா இன்னைக்கு வர்றது இன்னைக்கு புதுசு மட்டும் இல்ல, நேத்தைய 20, மூணு நாள் முன்னாடி 20, ஒரு வாரம் முன்னாடி 20, ரெண்டு வாரம், ஒரு மாசம், ரெண்டு மாசம், நாலு மாசம்னு ஒவ்வொண்ணுலேந்தும் ஒரு கத்தை வந்து நிக்கும், சேத்தா 140 வரும், மறந்து திரும்ப வர்றது தனி. ஒரு கார்டுக்கு 10 செகண்டுன்னா கூட 23 நிமிஷம் ரிவியூவுக்கே போயிடும், அப்புறம்தான் புது பாடமே. எனக்கு நடுவுல காய்ச்சல் வந்து அஞ்சு நாள் படுத்தேன். அப்ப கூட ஸ்ட்ரீக், அதாவது விடாம படிச்ச நாள் கணக்கு, போயிடக்கூடாதுன்னு படுத்துக்கிட்டே தினம் ஒரு சின்ன பாடம் மட்டும் தட்டினேன். எழுந்து வந்து பாத்தா ரிவியூ 734. அந்த சிவப்பு நம்பர பாத்ததும் வயித்துல ஒண்ணு இறுகுச்சு பாருங்க, கடன்காரன் வாசல்ல நிக்கற மாதிரி. அன்னைக்குத்தான் இது படிப்புலேந்து வட்டி கட்டற வேலையா மாறிடுச்சுன்னு எனக்கு புரிஞ்சிருக்கணும், புரியல.

அந்த 734 கார்டுல என்னைய பாடு படுத்தினது ரெண்டு கார்டு, அத மட்டும் சொல்றேன். ஒண்ணு ‘மட்ஸு’, காத்திருக்கறது. இன்னொண்ணு ‘மொட்ஸு’, கையில வச்சிருக்கறது. ரெண்டுக்கும் இருக்கற காஞ்ஜிக்கு, அதாவது சீனாவுலேந்து வந்த எழுத்துக்கு, வலது பாதி ஒண்ணேதான், கோயில்ங்கற எழுத்து, இடது பக்கம் இருக்கற மூணு கோடுலதான் வித்தியாசம், சத்தமும் கிட்டத்தட்ட ஒண்ணு. ராத்திரி கண்ணு எரியும்போது அந்த ரெண்டும் மாத்தி மாத்தி வரும், நான் மாத்தி மாத்தி தப்பா சொல்லுவேன், தப்பா சொல்ல சொல்ல அது இன்னும் அடிக்கடி வரும். நாப்பது தடவைக்கு மேல தப்பு பண்ணினதா ஆப்பே கணக்கு காட்டுச்சு. இதுல ஒரே எழுத்துக்கு நாலஞ்சு வாசிப்பு இருக்கறது வேற, உயிர் பிறப்புன்னு வர்ற எழுத்து ஒரு இடத்துல ‘இகிரு’, இன்னொரு இடத்துல ‘உமரேரு’, சமைக்காம பச்சையா இருக்கறதுன்னா ‘நமா’, வேற எழுத்தோட சேந்தா ‘செய்’. ஜப்பான் அரசாங்கம் 2010ல திருத்தி வெளியிட்ட பொது பயன்பாட்டு பட்டியல்லயே 2136 காஞ்ஜி இருக்கு. இது கஷ்டமான மொழிதான், அதுல எனக்கு குறை இல்ல. கஷ்டத்த மறைச்சு விக்கறதுலதான் குறை.

ஏன்னா முதல் பக்கத்துலயே ‘தினம் 15 நிமிஷம் போதும், சரளமா பேசலாம்’னு போட்டிருந்தாங்க. அமெரிக்க அரசாங்கம் தன் தூதரக ஆளுங்களுக்கு மொழி சொல்லித்தர ஒரு நிறுவனம் வச்சிருக்கு, ஃபாரின் சர்வீஸ் இன்ஸ்டிட்யூட்னு, அவங்க கணக்குல இங்கிலிஷ் பேசற ஒருத்தருக்கு ஜப்பானிஸ்ல வேலை பாக்கற அளவு வர்றதுக்கு சுமார் 2200 மணி நேரம் வகுப்பு வேணும். தினம் 15 நிமிஷம்னா நாலு நாளைக்கு ஒரு மணி நேரம், 2200க்கு 8800 நாள், அதாவது 24 வருஷம். தூதரக வேலை அளவுக்கு நமக்கு வேணாம், சரி, பாதின்னே வச்சுக்கோங்க, 12 வருஷம். இத முதல் நாளே யாராவது சொல்லிருந்தா நான் பயந்து ஓடிருக்க மாட்டேன், நிம்மதியா நடந்திருப்பேன். அது தெரியாததால ஒரு வருஷம் முடிஞ்சும் சாதாரண பேச்சு பிடிபடலையேன்னதும் எங்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். ஒரு ராத்திரி அழுதும் இருக்கேன்.

பர்ன் அவுட்ங்கற வார்த்தைய இப்ப எல்லாத்துக்கும் போடறோம். உலக சுகாதார நிறுவனம் 2019ல அத நோய்னு சொல்லாம வேலை சம்பந்தப்பட்ட ஒரு நிலைன்னு மட்டும்தான் வரையறுத்துச்சு, வாழ்க்கையில மத்த விஷயத்துக்கு அத பொருத்தாதீங்கன்னும் சொல்லுச்சு. ஆனா அதுக்கு அவங்க சொல்ற மூணு அடையாளத்த படிச்சப்ப எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. சக்தி வத்திப் போறது, செய்யற வேலையிலேந்து மனசு விலகி ஒரு கசப்பு வர்றது, என்ன செஞ்சும் ஒண்ணும் ஆகலங்கற நினைப்பு. மூணும் இருந்துச்சு. கடைசி நாலு மாசம் ஜப்பானிஸ் பாட்டு எங்கயாவது கேட்டா கூட சேனல மாத்திடுவேன். எது பிடிச்சு உள்ள வந்தேனோ அதுவே காதுக்கு ஆகாம போச்சு, சோர்வ விட எனக்கு வலிச்சது அதுதான்.

இன்னொரு களைப்பு இருக்கு, இத தமிழ் பேசறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். ஆப் முழுக்க இங்கிலிஷ் வழியா சொல்லித்தருது. ‘எகி நி இகிமாஸு’ன்னு ஒரு வாக்கியம். ‘எகி’ன்னா ஸ்டேஷன், ‘நி’ன்னா ‘க்கு’, ‘இகிமாஸு’ன்னா போறேன். ஸ்டேஷனுக்கு போறேன். வரிசை கூட மாறல, நம்ம வேற்றுமை உருபு உக்கார்ற அதே இடத்துலதான் அவங்களோடதும் உக்காருது, வினை கடைசியிலதான் வருது, ‘நான்’ சொல்லாமலே பேசறதும் நம்மள மாதிரிதான். ஆனா நான் அத இங்கிலிஷ்க்கு திருப்பிப் போட்டு, வினைய முன்னாடி இழுத்து, அப்புறம் திரும்ப ஜப்பானிஸ்க்கு பின்னாடி தள்ளி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலைகீழா ரெண்டு தடவ நின்னுட்டிருந்தேன். ஒரு வருஷம் கழிச்சுதான் நோட்டுல தமிழ் அர்த்தம் எழுத ஆரம்பிச்சேன். அன்னைக்கு ராத்திரி தலை வலிக்கல. பெரிய விஷயமா தெரியாது, ஆனா தினம் தேவையில்லாம தூக்கின ஒரு மூட்டை அது.

ரேங்க் டேபிள் பத்தி நிறைய எழுத வேணாம்னு பாக்கறேன். பாயிண்ட் அதிகம் வாங்க சுலபமான பாடத்த திரும்ப திரும்ப ஓட்டணும், கஷ்டமானத தொட்டா பின்னாடி போயிடுவோம், அதனால எல்லாரும் சுலபமானதையே ஓட்டறாங்க. 1973ல மார்க் லெப்பரும் அவரோட சேந்தவங்களும் படம் வரையறத ரசிக்கற சின்ன பசங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, வரைஞ்சா சான்றிதழ் தருவோம்னு சொல்லி வரைய வச்ச பசங்க அப்புறம் தானா வரையறது குறைஞ்சு போச்சு. அந்த பசங்கள நெனச்சா எனக்கு நானே ஞாபகம் வர்றேன்.

வாரத்துக்கு ஒரு குரூப் கிளாஸ் இருக்கு, டியூட்டர் ரொம்ப தங்கமானவங்க, ஆனா எட்டு பேர் முன்னாடி வாய தெறந்ததும் பேருக்கு பின்னாடி ஒட்டற சின்ன சொல்லுல ‘வா’ போட வேண்டிய இடத்துல ‘கா’ போட்டீங்கன்னு பாதியிலயே நிறுத்துவாங்க. சொல்ல வந்தது என்னன்னு கேக்க மாட்டாங்க. மூணாவது வாரத்துலேந்து நான் கேமராவ ஆஃப் பண்ணிட்டேன், அப்புறம் கிளாஸுக்கே போகல. சந்தாவுல பாதி அதுக்குத்தான் குடுக்கறோம்ங்கறது தனி வருத்தம்.

நிறுத்தினது எப்படின்னா, ஒரு நாள் ராத்திரி அப்பா ஹால்ல உக்காந்து அவரு சின்ன வயசுல வீட்ட விட்டு முதல் தடவ வெளியூர் போன கதைய சொல்லிட்டிருந்தாரு, அவரு தானா அப்படி பேசறது ரொம்ப அபூர்வம். போன் அதிர்ந்துச்சு, மணி 11:50, ‘உங்க ஸ்ட்ரீக் போகப்போகுது’. ஒரு நிமிஷம்ப்பான்னு எழுந்து ரூமுக்கு போயி, ஏற்கனவே பத்து தடவ முடிச்ச முதல் யூனிட்ட, இது பேனா அது புஸ்தகம்ங்கற அதே பாடத்த, வேக வேகமா தட்டி முடிச்சேன். 613 ஆச்சு, ஸ்கிரீன்ல பொறி பறந்துச்சு. வெளிய வந்து பாத்தா ஹால்ல லைட் அணைஞ்சிருந்தது, அப்பா படுக்கப் போயிட்டாரு. அடுத்த நாள் 614 முடிச்சுட்டு கஸ்டமர் சப்போர்ட்டுக்கு மெயில் போட்டேன், ரிவியூவ ஒரு மாசம் அப்படியே நிறுத்தி வைக்க வழி இருக்கான்னு. மரியாதையாத்தான் பதில் வந்துச்சு, வேகமா ரிவியூ முடிக்கற மோட் ஒண்ணு இருக்கு முயற்சி பண்ணுங்கன்னு. அன்னைக்கு ராத்திரியே ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன்.

மூணு வாரம் ஒண்ணும் தொடல. அப்புறம் ஒரு நாள் சும்மா எதையோ பாத்துட்டிருந்தப்ப ஒரு ஜப்பானிஸ் வீட்டு வீடியோ, நாய்க்குட்டி கயித்த இழுத்துக்கிட்டு ஓடுது, பின்னாடி நாலஞ்சு வயசு பையன் ஒருத்தன் செருப்பு ஒரு கால்ல மட்டும் போட்டுக்கிட்டு ‘மத்தே! மத்தே!’ன்னு கத்திக்கிட்டே ஓடறான். நில்லு, இருன்னு நான் எந்த மொழியிலயும் மாத்தல, நேரா புரிஞ்சுது, அந்த பையனோட நானும் அந்த நாயப் பாத்து கத்தணும் போல இருந்துச்சு. ரெண்டு செகண்ட் கழிச்சுதான் உறைச்சுது, இது அந்த ‘மட்ஸு’தான், ‘காத்திரு’ன்னு சொல்ற வடிவத்துல. நாப்பது தடவ தப்பு பண்ணின அதே வார்த்தை. இனிமே அத மொட்ஸுவோட குழப்பிக்க மாட்டேன், ஒரு கால்ல செருப்பு இல்லாம அவன் ஓடினது கண்ணுலயே நிக்குது.

அதனால என் ரேட்டிங் 5க்கு 2.5. எழுத்து கத்துக்க, உச்சரிப்பு கேக்க, முதல் மூணு மாசத்துக்கு தாராளமா வாங்கலாம், ஆனா மாச சந்தா எடுங்க, வருஷ சந்தா வேணாம். வாங்கின உடனே செட்டிங்ஸ் போயி புது கார்டு 20ங்கறத 5 ஆக்குங்க, நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க, ரேங்க் டேபிள்லேந்து வெளிய வர்றதுக்கு ப்ரொஃபைல்ல ஒரு ஆப்ஷன் ஒளிஞ்சிருக்கு, தேடிப் புடிச்சு வெளிய வாங்க. ரிவியூ சேந்துடுச்சுன்னா கடன் அடைக்கற மாதிரி உக்காராதீங்க, பழைய கார்டுகள மொத்தமா அழிச்சுட்டு வேணுங்கறத திரும்ப போட்டுக்கோங்க, முக்கியமான வார்த்தை எப்படியும் திரும்ப உங்க முன்னாடி வரும். எக்ஸாம் தேதி வச்சு படிக்கறவங்களுக்கு நான் சொல்றது முழுசா பொருந்தாது, அவங்களுக்கு இந்த கார்டு வேகம் தேவைப்படலாம், ஆனா வாரத்துல ஒரு நாளாவது ஆப்ப தெறக்காம இருங்க, ஸ்ட்ரீக் போனா போகட்டும். ஆப் நடத்தறவங்க யாராவது இத படிச்சா ஒரே ஒரு வேண்டுகோள்தான், ‘எனக்கு உடம்பு சரியில்ல, ரிவியூவ நிறுத்தி வை’ன்னு ஒரு பட்டன் வைங்க, அத முதல் ஸ்கிரீன்லயே வைங்க.

நான் இப்ப ஒரு நோட்டும் பேனாவும் வச்சிருக்கேன். பிடிச்ச வீடியோ ஒண்ண எடுத்து, வந்தா அஞ்சு வார்த்தை, வராட்டி ஒண்ணு, பக்கத்துல தமிழ்ல அர்த்தம். அப்பாவும் ரெண்டு நாள் முன்னாடி அந்த கதைய விட்ட இடத்துலேந்து சொன்னாரு. அந்த நாய்க்குட்டி வீடியோல பையன் கடைசியா நாயக் கட்டிப் புடிச்சுக்கிட்டு என்னமோ ரெண்டு வார்த்தை சொல்றான், அது இன்னும் பிடிபடல, நாளைக்கு திரும்ப கேக்கணும்.