தயிர் விலையைத் தமிழில் காட்ட எந்த சேர்வர்? நோட், எக்ஸ்பிரஸ், டெனோ, பன்

சனிக்கிழமைகளில் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு ஏ.எல். முடித்த பிள்ளைகள் நாலு பேர் லப்டொப்போடு வருகிறார்கள். நான் கொடுத்த வேலை ஒன்றுதான்: ஜாவாஸ்கிரிப்டில் சின்ன வெப் சேர்வர் (பிரவுசர் கேட்கிற பக்கத்தைக் கொடுக்கிற நிரல்) எழுதி, எருமைத் தயிரின் விலையைத் தமிழில் காட்ட வேண்டும். ஆளுக்கொரு வழியில் போனார்கள்.

ஒருத்தன் எடுத்தது வெறும் நோட் (Node.js). 2009இல் ரயன் டால் வெளியிட்டது. குரோமுக்குள் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற வி8 இயந்திரத்தையே பிரவுசருக்கு வெளியே ஓட வைக்கிறது. பிரவுசரோடு பேச வேண்டிய எச்டிடிபி மொடியூல் உள்ளேயே வருவதால் வேறெதையும் இறக்கத் தேவையில்லை. பத்து வரிக்குள் சேர்வர் 3000ஆம் போர்ட்டில் (கொம்பியூட்டரின் கதவிலக்கம் மாதிரி) எழும்பிவிடும். எழும்பியது. ஆனால்:

"அண்ணா, எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா வருது. மறுகா என்ன செய்ய?"

எந்தக் குறிமுறையில் எழுதினோம் என்று அவன் பிரவுசருக்குச் சொல்லவில்லை; அது தானாக ஊகித்துப் பிழைவிட்டது. பதிலோடு போகிற கொன்டென்ட்-டைப் தலைப்பில் யுடிஎஃப்-8 என்ற குறிமுறையின் பெயரைச் சேர்த்ததும் 'தயிர்' தயிராக வந்தது. அடுத்த கரைச்சல், பதிலின் நீளத்தைச் சொல்கிற கொன்டென்ட்-லெங்த் தலைப்பையும் தானே போடப்போய் வந்தது. 'தயிர்' என்ற சொல்லின் நீளம் ஜாவாஸ்கிரிப்டுக்கு 5, விசிறியையும் புள்ளியையும் தனிக் குறியாக எண்ணுவதால். கம்பியில் போகும்போது அது 15 பைட், ஏனென்றால் யுடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். 5 என்று சொன்னால் பிரவுசர் ஐந்தாவது பைட்டோடு வாங்குவதை நிறுத்திவிடும். முகவரியில் '/விலை' என்று வைத்தாலும் இதே கதை: பிரவுசர் ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக்கி அனுப்புவதால், சேர்வருக்கு வந்து சேர்வது முன்னால் உள்ள சாய்கோட்டோடு 37 எழுத்து. அவிழ்க்காமல் ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது.

எக்ஸ்பிரஸ் எடுத்த பிள்ளைக்குப் பூச்சி வரவில்லை. 2010இல் வந்த இந்தச் சட்டகம் (வழக்கமான வேலைகளை முன்கூட்டியே எழுதி வைத்த நிரல்) நோட்டின் மேலேதான் நிற்கிறது. பதிலை அனுப்புகிற அதன் 'சென்ட்' கட்டளை யுடிஎஃப்-8ஐத் தானே சேர்த்துவிடும், நீளத்தையும் பைட்டில் சரியாக எண்ணிவிடும். பாதைக்கு ஒரு வரி, படிவம் வாங்க ஒரு வரி. வெறும் நோட்டில் இஃப் மேல் இஃப் அடுக்கியவன் அதைப் பொறாமையோடு பார்த்தான். எக்ஸ்பிரஸை நிறுவினால் அதற்குத் தேவையான அறுபதுக்கு மேற்பட்ட நிரல் பொதிகள் கூடவே இறங்கும், ஆனால் எல்லாம் சின்னச் சின்னவை. டேட்டா ரீலோட் போடுகிறவர்களும் பயப்பட வேண்டாம்.

அப்படியென்றால் எக்ஸ்பிரஸிலேயே தொடங்கலாமே என்று கேட்பீர்கள். நான் மாட்டேன். பூச்சி ஏன் வந்தது என்று அந்தப் பிள்ளைக்கு இன்னும் தெரியாது, மற்றவனுக்குத் தெரியும். இரண்டு சனிக்கிழமை வெறும் நோட்டில் அடி வாங்கட்டும், மூன்றாவது கிழமை எக்ஸ்பிரஸ். இது என் பிடிவாதம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

டெனோவும் நோட்டைப் போல ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுவது, அதுவும் டால் செய்ததுதான். நோட்டில் விட்ட பிழைகளென்று 2018இல் தானே மேடையேறிப் பட்டியலிட்டு, அதே பேச்சில் இதை அறிமுகப்படுத்தினார்; 1.0 வந்தது 2020இல். இணையத்தையோ கோப்பையோ தொட முன்னர் உங்களிடம் அனுமதி கேட்கும். அண்ணனும் தங்கச்சியும் பங்கு போடுகிற கொம்பியூட்டருக்கு இந்தக் குணம் நல்லது. ஒரு சரத்தை (வெறும் எழுத்து வரியை) பதிலாகக் கொடுத்தால் யுடிஎஃப்-8 தானே சேரும். நோட்டுக்கென்று எழுதிய பாடங்களைப் பார்த்து அப்படியே தட்டினால் மட்டும் சில இடங்களில் முட்டும்.

பன்னும் நோட்டுக்குப் பதிலாக வைக்கக்கூடியது. பன் என்றால் நம்ம பணிஸ்தான், சின்னமும் அதுவே. சபாரியின் இயந்திரத்தில் ஓடுகிறது, கெதியாக ஓடுகிறது. ஆனால் பத்துப் பேர் பார்க்கிற விலைப் பக்கத்துக்கு அந்த வேகம் எங்கே தெரியப் போகிறது? 1.0 வந்தது 2023இல், விண்டோஸில் ஒழுங்காக ஓடத் தொடங்கியது 2024இல்.

நாலாவது பிள்ளையின் லப்டொப் விண்டோஸ் 7. நோட்டின் 14ஆம் பதிப்பே அதை ஏற்காது. பன் விண்டோஸ் 10க்குக் கீழே இறங்காது. அவளை வெறும் நோட் எடுத்தவன் பக்கத்தில் இருத்தினேன்.

எதை எடுத்தாலும் போனில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்தால் பக்கம் வராது. அது போனையே குறிக்கும். போனையும் லப்டொப்பையும் ஒரே வைஃபையில் போட்டு, லப்டொப்பின் ஐபி முகவரியையும் (வலையில் அதன் இலக்கம்) சேர்வர் ஓடுகிற போர்ட்டையும் அடிக்க வேண்டும். விண்டோஸ் ஃபயர்வோல் கேட்டால் ஓம் சொல்லுங்கள். போனில் விலை தெரிந்ததும் நாலு பேரும் படிப்பை விட்டுவிட்டு, தயிருக்குச் சீனியா கித்துள் பாணியா என்று சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.