செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு மெருகு: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

கறுத்துப்போன வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போட சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகள்தான் எங்கள் முதல் பரிந்துரை. கொலுசு செய்கிற கையே கழுவியும் தருவதால், பற்றவைப்பு விட்ட கண்ணி இருந்தால் கண்ணில் பட்டுவிடும். ஊதிச் சேர்த்த பிறகே மெருகுக்குப் போகும்.

வேலை நடக்கும் விதம் எளிது. லேசாகச் சூடுகாட்டி, நீர்த்த அமிலத்தில் முக்குவார்கள். பிறகு பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, மரத்தூளில் புரட்டி உலர்த்துவார்கள். கருமை என்பது காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படிந்த படலம். 80 டச் (நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி) கொலுசில் மீதி 20 பங்கு பெரும்பாலும் செம்பு என்பதால், 92.5 வெள்ளியைவிட அது சீக்கிரம் கறுக்கும். அதைப் பட்டறையின் குறையாக எண்ண வேண்டாம்.

‘கைமெருகு போதும்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பித்தளைக் கம்பி வெள்ளியை அழுத்திப் பளபளப்பாக்கும், எடை அதிகம் குறையாது. மோட்டாரில் சுற்றும் பஃப் (மெருகுச் சக்கரம்) வெள்ளியையே தேய்த்து எடுக்கும். மெல்லிய கொலுசில் பூவேலை மழுங்கிவிடும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எதிரிலேயே எடை போடச் சொல்லுங்கள்.

அவசர வேலையில் கோட்டை விடும் இடம் சலங்கை முத்து, அதாவது கொலுசில் தொங்கும் சிறு மணி. உள்ளே கூடு என்பதால் அமிலம் தங்கிவிடும். சில நாளில் வாய்ப்பக்கம் பச்சையாகக் கசியும். அமிலத்திலிருந்து எடுத்ததும் ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து அலசி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை உதறிக் கழுவினால் இந்தத் தொல்லை இல்லை. இதைக் கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

மற்ற கைவேலை நகைகளை இந்தத் தொட்டிக்கு அனுப்பவே கூடாது. சூடுபடாமல் பூசிய மீனா (வண்ணப் பூச்சு) உரிந்துவிடும். அடியில் தகடு வைத்த கல்லுக்குள் நீர் புகுந்தால் கல் மங்கும், திரும்ப வராது. நகையில் பதித்த கடல் முத்தை அமிலம் அரித்துவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஆக்ஸிடைஸ்டு வெள்ளியின் கறுப்பு வேண்டுமென்றே ஏற்றியது, கழுவினால் அழகே போச்சு. சுடுமண் நகைக்கு உலர்ந்த மென்பிரஷ்தான். பட்டுநூல் வளையலில் தண்ணீர் பட்டால் பசை விட்டு நூல் பிரியும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: மலை ஈரத்தில் கொலுசு விரைவில் கறுக்கும். நன்றாகக் காயவைத்து, காற்றை அமுக்கி வெளியேற்றிய ஜிப் கவரில் ஒவ்வொரு ஜோடியாக, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், அதிலும் கந்தகம் இருக்கிறது. பற்பசையால் தேய்த்தால் கீறல் விழும்.

பட்டறையை விட்டுக் கிளம்புமுன் திருகாணியை முழுவதும் முடுக்கி ஒருமுறை இழுத்துப் பாருங்கள். மரை தேய்ந்து வழுக்கினால் அங்கேயே மாற்றி வாங்கிக்கொள்ளலாம்.