மாதக் கடைசிக்கு அம்மா உணவகம்

திருவல்லிக்கேணியில் ஒற்றை அறை, வாடகை 6,000. ஊருக்கும் பணம் அனுப்பியபின் கடைசி வாரத்தில் கையில் 300 ரூபாய் நின்றாலே பெரிது. அப்போதெல்லாம் எனக்குச் சோறு போடுவது, சென்னை மாநகராட்சி 2013-இல் தொடங்கிய அம்மா உணவகம்தான். காலையில் இட்லி 1 ரூபாய். ஆறு சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. எனக்குத் தயிர் சாதம்தான் பிடிக்கும். ஊரிலிருந்து வந்த நார்த்தங்காய் ஊறுகாயைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போவேன், அமிர்தம்! நின்றபடிதான் சாப்பிட வேண்டும், சரி, அதனால் என்ன? இரண்டு நாள் போகாவிட்டால், "எங்கப்பா ஆளையே காணோம்?" என்று பரிமாறும் அக்கா கேட்பார். தனியாக இருப்பவனுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது! 12 மணிக்கே போங்கள், சாதம் சூடாக இருக்கும்.