பன்னிரண்டு பாட்டில் ஒரே ஒரு முரட்டுக் குதிரை: மார்ட்டி ராபின்ஸின் 1959 இசைத்தட்டு

ரோடியோ, அதாவது கௌபாய்கள் முரட்டுக் குதிரைமேல் ஏறிக் காட்டும் போட்டி, அதைப் பற்றிய பாட்டு வேண்டும் என்று கேட்பவரிடம் பலரும் முதலில் நீட்டுவது அமெரிக்கப் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் ‘கன்ஃபைட்டர் பேலட்ஸ் அண்ட் டிரெயில் சாங்ஸ்’ தட்டைத்தான். 1959 ஏப்ரல் 7 அன்று நாஷ்வில்லில் ஒரே நாளில் பதிவாகி, அதே ஆண்டு கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. தட்டு அருமையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் முரட்டுக் குதிரைமேல் ஏறி உட்காரும் வேலையைப் பற்றி இதில் இருப்பது ஒரே பாட்டு, ‘தி ஸ்ட்ராபெர்ரி ரோன்’. மற்றவை துப்பாக்கி, தூக்குமேடை, பாலைவனத் தாகம், மாட்டு மந்தை. தலைப்பிலேயே ‘கன்ஃபைட்டர்’ என்று போட்டுவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ரோடியோவுக்காகவே வாங்குபவர்தான் இதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

அந்த ஒரு பாட்டுக்காகவே வாங்கலாமா என்றால், வாங்கலாம். கர்லி ஃபிளெட்சர் என்ற கௌபாய் எழுதி 1915-ல் கவிதையாக அச்சான கதை அது. ஊரில் வேலையின்றித் திரியும் ஒரு குதிரை பழக்குபவனைத் தேடி ஒருவர் வருகிறார். யாருக்கும் அடங்காத குதிரை ஒன்று இருக்கிறது, அடக்கினால் பத்து டாலர் என்கிறார். மறுநாள் காலை பட்டியில் நிற்கும் அந்தக் குதிரையைப் பாட்டு தலை முதல் கால்வரை அளக்கிறது: உள்பக்கம் திரும்பிய குளம்புகள், வீங்கிய பின்னங்கால் மூட்டு, பன்றிக்கண், புடைத்த மூக்குத்தண்டு, நுனி சேர்ந்த சின்னக் காதுகள், மேல்பக்கம் குழிந்த கழுத்து, நீண்ட கீழ்த்தாடை, இடது இடுப்பில் 44 என்று சூடு. சந்தையில் குதிரை பார்க்கிறவர்கள் இதில் எந்த ஒன்றைக் கண்டாலும் விலையைக் குறைப்பார்கள். அத்தனையும் ஒரே குதிரையில் இருந்தும், மேலே ஏறியவன் தோற்கிறான். பாட்டின் கிண்டல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ரோன் என்பது அடிநிறத்தில் வெள்ளை மயிர் சீராகக் கலந்த உடல்நிறம். அடிநிறம் செம்பழுப்பாக இருந்தால் ஸ்ட்ராபெர்ரி ரோன்.

துள்ளலை வருணிப்பதிலும் பாட்டு சொதப்பவில்லை. குதிரை கிழக்கே எழும்பி மேற்கே இறங்குகிறது. வயிற்றை வெயிலுக்குக் காட்டுகிறது. இந்த இரண்டாவதுக்கு ரோடியோக்காரர்கள் சொல்லும் பெயர் ‘சன்ஃபிஷ்’. குதிரை அந்தரத்தில் ஒரு பக்கம் முறுக்கிச் சாய, மேலே இருப்பவரின் இடுப்பு ஒரு திசையிலும் சேணம் இன்னொரு திசையிலும் போகும். நேராகத் துள்ளும் குதிரையின் தாளத்தை இரண்டு மூன்று தாவலில் பிடித்துவிடலாம். முறுக்கும் குதிரையில் அது நடக்காது.

கடைசியில் அவன் கால் அங்கவடியிலிருந்து (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) நழுவுகிறது, தொப்பி பறக்கிறது, கை சேணத்தைப் பற்றப் போகிறது. இன்றைய ரோடியோ விதிப்படி பார்த்தால், விழுவதற்கு முன்பே இரண்டு காரணத்தால் ஆட்டத்திலிருந்து வெளியே போயிருப்பான்: அங்கவடி இழந்தது ஒன்று, காலியான கையால் சேணத்தைத் தொட்டது இன்னொன்று. தொப்பி பறந்ததை மட்டும் யாரும் கணக்கில் வைக்க மாட்டார்கள்.

ஆனால் இது ரோடியோ மைதானம் அல்ல. குதிரையைக் கயிறு வீசிப் பிடித்து, கண்ணைக் கட்டி, சேணம் போட்டு, ஏறிய பிறகு கட்டை அவிழ்க்கிறார்கள். பண்ணை வேலையின் முறை இது. மைதானத்தில் குதிரை நிற்பது குறுகிய அடைப்புக்குள். கதவு திறந்ததும் 8 வினாடி எண்ணிக்கை, அதுவரை விழாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். குதிரையின் முன்னங்கால்கள் முதல் தாவலில் தரையைத் தொடும்வரை, ஏறியவரின் இரண்டு குதிமுட்களும் (குதிகாலில் மாட்டும் முட்கள்) அதன் தோள்மேட்டுக்கு மேலே இருக்க வேண்டும்; தவறினால் மதிப்பெண்ணே இல்லை. பிடித்துக்கொள்ள, குதிரையின் தலைக்கட்டில் இணைத்த ஒரு தடித்த பின்னல் கயிறு மட்டும், அதுவும் ஒரே கையில். அந்தக் கயிற்றை எங்கே பிடிப்பது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நீளம் குறைந்தால், குதிரை தலையைத் தாழ்த்தும்போது முன்பக்கம் இழுத்துக் கவிழ்த்துவிடும். கூடினால் இழுத்து ஊன்றிக்கொள்ளப் பிடிமானமின்றிப் பின்னால் சாய வேண்டியதுதான். இரண்டு நடுவர்கள், ஒவ்வொருவரும் ஏறியவருக்கு 25, குதிரைக்கு 25 வரை தருவார்கள், மொத்தம் 100. ஆக மதிப்பெண்ணில் பாதி குதிரையுடையது. சாதுவான குதிரை கிடைத்தால் எவ்வளவு அழகாக உட்கார்ந்தும் பயனில்லை. குதிரையைப் புகழ்ந்து ஒரு கௌபாய் கதைப்பாடல் எழுதியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி, எந்தப் பதிப்பை வாங்குவது? பழைய எல்.பி. வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ‘ஸ்ட்ராபெர்ரி ரோன்’ முதல் பக்கத்தின் ஆறாவது, அதாவது கடைசிப் பாட்டு. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று மாறாமல் சுழன்றாலும், உள்வட்டம் சிறியது என்பதால் ஊசிக்கு அடியில் ஓடும் வரித்தடத்தின் நீளம் குறைந்துகொண்டே வரும். அதனால் ‘ஸ’, ‘ச’ ஒலிகள் முதலில் சிதறுவது அங்கேதான். இந்தப் பாட்டோ சொல்மேல் சொல் அடுக்கி ஓடுவது. சொற்கள் மங்கினால் பாட்டில் மிச்சம் எதுவும் இருக்காது. ஆகவே பழைய பிரதியைப் போட்டுப் பார்க்கும்போது முதல் பாட்டான ‘பிக் அயர்ன்’ தெளிவாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஊசியை ஆறாவது பாட்டில் வையுங்கள். சிதறினால் உங்கள் கார்ட்ரிட்ஜின் (ஊசியைத் தாங்கும் பாகம்) கோணத்தையும் ஊசி அழுத்தத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். அதன் பிறகும் சிதறினால் தேய்மானம் தட்டில்தான், அதற்கு மருந்து இல்லை. ‘எல் பாசோ’வுக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு, வெளிவட்டத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது.

முதல் அச்சுப் பிரதிகளில் லேபிளின் ஓரங்களில் ஆறு ‘கண்’ சின்னங்கள் இருக்கும். மோனோவின் எண் சிஎல் 1349, ஸ்டீரியோவின் எண் சிஎஸ் 8158. ஸ்டீரியோ பிரதியைப் பழைய மோனோ கார்ட்ரிட்ஜில் போடாதீர்கள். மேலும் கீழும் அசையாத ஊசி வரித்தடத்தையே அரித்துவிடும். குரலும் கிரேடி மார்ட்டினின் கிட்டாரும் ஒட்டி நிற்பதற்கு என் ஓட்டு மோனோவுக்கு. சொற்களைக் கேட்பதுதான் நோக்கம் என்றால் குறுந்தகடே போதும், உள்வட்டக் கவலையே இல்லை.

மற்ற பாட்டுகளில் ‘யூட்டா கேரல்’ மட்டும் கௌபாய் வேலைக்குப் பக்கத்தில் வருகிறது. மிரண்டு ஓடும் மந்தைக்கு நடுவில் ஒரு சிறுமியைக் காப்பாற்றி உயிரை விடுகிறவனின் கதை. ‘தி மாஸ்டர்ஸ் கால்’ எனக்குக் கொஞ்சம் உபதேச வாடை. கிளேசர் சகோதரர்களின் பின்குரல்கள் எல்லாப் பாட்டிலும் ஒரே இனிமையோடு வருவதால், ‘ஸ்ட்ராபெர்ரி ரோன்’ கேட்கும்போது புழுதி கொஞ்சம் குறைவாகத்தான் தெரிகிறது.

உண்மையான ஒரு குதிரையேற்றக்காரருக்கான பாட்டு வேண்டுமென்றால் கனடாவின் பாடகர் வில்ஃப் கார்ட்டரிடம் போக வேண்டும். ஆல்பர்ட்டாவில் வளர்ந்து நான்கு முறை உலகச் சாம்பியனான பீட் நைட்டைப் பற்றி, நைட் உயிரோடு இருந்தபோதே ஒரு பாட்டும், இறந்த பிறகு இன்னொன்றும் பாடியவர் கார்ட்டர். நைட் 1937 மே மாதம் கலிஃபோர்னியாவின் ஹேவர்டில், டஸ்டர் என்ற குதிரையிலிருந்து விழுந்து, அதன் குளம்படியில் சிக்கி இறந்தார். பாட்டில் துக்கம் இருக்கிறது, ஆனால் அந்தச் சவாரியின் நுணுக்கம் ‘ஸ்ட்ராபெர்ரி ரோன்’ அளவுக்கு இல்லை. ஒலிப்பதிவும் 1930-களின் தரம்தான். கிட்டாரும் யோடலும் (குரலை மேலும் கீழும் சட்டென்று மாற்றிப் பாடுவது) மட்டுமே என்று எதிர்பார்த்துக் கேளுங்கள்.

8 வினாடிக் கணக்கு, அடைப்பின் கதவு, ஊர் ஊராக வண்டி ஓட்டும் அலுப்பு இதெல்லாம் வேண்டுபவர்களுக்கு ‘அமரில்லோ பை மார்னிங்’. ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட் 1982-ல் பாடியது. ஹூஸ்டனில் சேணம் போனது, சான்டா ஃபேயில் கால் முறிந்தது, நடுவர் கண் குருடாக இருக்கக் கூடாதே என்ற வேண்டுதல், எல்லாம் சில வரிகளுக்குள். அதற்கு அடுத்து பாடகர் கிரிஸ் லெடூ. சேணமில்லாத குதிரையேற்றத்தில் 1976-ல் உலகச் சாம்பியன் ஆனவர் அவரே; தன் கேசட்டுகளை ரோடியோ நடக்கும் இடங்களிலேயே விற்றவர். ஆரம்ப காலப் பதிவுகளில் இசை கொஞ்சம் கரடுமுரடுதான், ஆனால் கருவிகளின் பெயரும் வலியின் இடமும் பிசகுவதில்லை. ராபின்ஸின் தட்டை வாங்குபவர்கள் கூடவே லெடூவின் ஒரு தொகுப்பையும் எடுத்துக்கொண்டால் ரோடியோ பக்கமும் நிறைவாகும்.