அங்கோரா முயலுக்கு முடி வெட்டி நான்கு ஆண்டுகள்: டிரிம்மர் தோற்றது, கத்தரிக்கோல் வென்றது

மின்சார டிரிம்மர் வாங்கியது தண்டச் செலவு. நூல் நூற்பதற்காக வளர்க்கும் அங்கோரா முயலின் ரோமம் அவ்வளவு மெல்லியது. பல்லுக்குள் சுற்றிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் சூடேறிவிடும். சத்தம் கேட்டு முயலும் மிரளும். மூன்றாம் முறையோடு அதைப் பரணில் போட்டுவிட்டேன்.

என்னிடம் இருப்பவை இரண்டு. ஆங்கில வகைக்கு ரோமம் தானாகவே உதிரும். அந்தச் சமயத்தில் மடியில் வைத்து விரலால் மெல்ல இழுத்தாலே வந்துவிடும். ஜெர்மன் வகை உதிர்க்காது, வெட்டியே ஆக வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய 2.5 செ.மீ. வளர்வதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கத்தரிக்கிறேன்.

முனை மழுங்கிய சிறிய கத்தரிக்கோல் போதும். முதுகில் வகிடு எடுத்து, அலகைத் தோலுக்கு இணையாகப் படுக்க வைத்து, வரிவரியாக இறங்க வேண்டும். ரோமத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது. தூக்கினால் காகிதம் போன்ற தோல் கூடாரமாக எழும்பி அலகுக்குள் வந்துவிடும். முதல் ஆண்டு அக்குள் பக்கம் இப்படித்தான் நகக்கண் அளவுக்கு வெட்டிவிட்டேன். முயல் கத்தவில்லை, எனக்குத்தான் கை நடுங்கியது. பெண் முயலானால் வயிற்றில் காம்புகளை விரலால் மறைத்துக்கொண்டே வெட்டுங்கள்.

வாராவாரம் பிரஷ் போட்டதில் நல்ல ரோமம்தான் வீணாயிற்று. இப்போது சூடில்லாத காற்றடிக்கும் புளோயர். தூசி, பொடுகு, வைக்கோல் துணுக்கு எல்லாம் பறந்துவிடும். காதுக்குப் பின்னும் தாடைக்கு அடியிலும் விழும் சிக்கை மட்டும் கையால் பிரிக்கிறேன். குளிப்பாட்டுவதே இல்லை, நனைந்தால் ரோமம் கட்டியாகிவிடும்.

வெட்டுவதைத் தள்ளிப்போட்டால் புழுக்கை காட்டிக்கொடுக்கும்: முடியில் கோத்த மணிகள்போல் தொடர்ந்து விழும். நக்கி விழுங்கும் ரோமத்தை முயலால் வாந்தி எடுக்க முடியாது. ஆகவே அது குடலில் தேங்காமல் நகர உலர்புல் எப்போதும் கூண்டில் இருக்க வேண்டும்.

முதுகு, விலாவிலிருந்து வரும் நீளமான ரோமம் நூலுக்கு; வயிற்று ரோமம் தனிப்பெட்டிக்கு. அழுத்தி அடைத்தால் பின்னிப்பிணைந்துவிடும். ஆட்டுக் கம்பளியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு இதில் இல்லை என்பதால் கழுவாமலே நூற்கலாம். தனியாக நூற்றால் நெகிழ்ச்சி இராது. ஆட்டுக் கம்பளியோடு கலக்கிறேன்.

ஒரு முயலுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கிறது. அவ்வளவு நேரம் அது அடங்கி உட்காராது. இன்று முதுகு, நாளை வயிறு.